"ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" சுழற்சியை விட்டு வெளியே வராத கணினி: கோப்பு சிதைவு என்கிறது, என்ன செய்யலாம்?

மின்மினி:
வணக்கம் நண்பர்களே. என் மேசைக்கணினி விண்டோஸுக்குள் போக மறுக்கிறது. விண்டோஸ் 10, சாட்டா எஸ்எஸ்டி, இரண்டு ரேம் குச்சிகள். அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. அதற்குப் பிறகு லோகோ வருகிறது, "ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்கிறது, கொஞ்ச நேரம் சுற்றுகிறது, கடைசியில் உங்கள் கணினியைச் சரிசெய்ய முடியவில்லை என்று நீலத் திரையில் நிற்கிறது. சேஃப் மோடுக்குப் போகச் சொன்னாலும் அதே இடத்துக்குத்தான் வருகிறது.

திரையில் காட்டிய எஸ்ஆர்டி டிரெயில் என்ற லாக் கோப்பைக் கமாண்ட் ப்ராம்ப்டில் திறந்து பார்த்தேன். அதில் "பூட் கிரிட்டிக்கல் ஃபைல்" என்று தொடங்கி, சிஸ்டம்32 என்ற விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் சிஐ.டிஎல்எல் என்ற கோப்பு "கரப்ட்" என்று முடிகிறது.

என் ஆய்வேட்டின் கடைசி இரண்டு அத்தியாயங்கள் அந்த வட்டில்தான் இருக்கின்றன. அவை போகாமல் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா?

தறியோசை:
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? "ரீசெட் திஸ் பிசி" போய் "கீப் மை ஃபைல்ஸ்" கொடுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் வேறொரு கணினியில் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, புதிதாகப் போட்டுவிடுங்கள். சிதைந்த கோப்பைத் தேடித் தேடி மாற்றுவதைவிட அது சீக்கிரம் முடியும்.

கல்தச்சன்:
மின்மினி, தயவுசெய்து இப்போதைக்கு ரீசெட்டைத் தொடாதீர்கள்.

தறியோசை சொல்வது பல நேரம் பலன் தரும், மறுக்கவில்லை. ஆனால் "கீப் மை ஃபைல்ஸ்" என்பது உங்கள் கோப்புகளை அப்படியே விட்டுவிட்டு ஓரமாக நடக்கிற வேலை இல்லை. விண்டோஸை மறுபடி கட்டும்போது அதே வட்டில் பல ஜிபி எழுதும், நீங்கள் நிறுவிய மென்பொருள்களையும் நீக்கிவிடும். அந்த வட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்கு இன்னும் தெரியாது. செத்துக்கொண்டிருக்கும் வட்டாக இருந்தால், பாதியில் நின்றுபோன ரீசெட் இப்போது இருப்பதைவிட மோசமான இடத்தில் கொண்டுபோய் விடும். வட்டுப் பிழைகளைத் தேடும் செக்டிஸ்க் கட்டளையை /ஆர் சேர்த்து ஓட்டுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அது வட்டு முழுவதையும் ஒரு செக்டர் (வட்டின் சிறு பகுதி) விடாமல் படிக்கும். நலிந்த வட்டு அந்தச் சுமையிலேயே விழலாம்.

முதலில் ஆய்வேட்டை வெளியே எடுங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட் கிடைக்கிறது என்றீர்கள், அதுவே போதும். வெளி வட்டு ஒன்றைச் செருகி, "நோட்பேட்" என்று தட்டுங்கள். நோட்பேட் திறந்ததும் ஃபைல், ஓப்பன் போய், கீழே "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றுங்கள். அந்தச் சின்னப் பெட்டியிலேயே எல்லா டிரைவும் தெரியும். கோப்புறையின் மேல் வலது கிளிக் செய்து காப்பி, வெளி வட்டில் பேஸ்ட். எவ்வளவு நகர்ந்தது என்று காட்டாது, முடியும் வரை பொறுமையாக இருக்க வேண்டும். பார்க்க எளிமையாக இருந்தாலும் நிறையப் பேரின் கோப்புகளைக் காப்பாற்றிய வழி இது.

இரண்டு விஷயம் கவனியுங்கள். மீட்புச் சூழலில், அதாவது பழுதுபார்க்க வரும் இந்த நீலத் திரை மெனுவில், டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். வழக்கமான சி அங்கே டி ஆகவோ இ ஆகவோ இருக்கும். அடுத்து, பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் கணினி என்றால் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே எண் சேமிக்கப்பட்டிருக்கும், கைப்பேசியிலிருந்தே எடுக்கலாம்.

கோப்புகள் வெளியே வந்ததும் உபுண்டு போன்ற ஏதாவதொரு லினக்ஸை பென்டிரைவிலிருந்து ஓட்டி, "டிஸ்க்ஸ்" செயலியில், வட்டு தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள். 5, 197, 198 ஆகிய வரிசை எண்களில் என்ன காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள். இவை செக்டர் கெட்டுப்போனதைச் சொல்பவை. 199-ம் முக்கியம். அது ஏறிக்கொண்டே போனால் வட்டைவிடக் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். லினக்ஸ் அந்த வட்டைப் படிக்க மட்டும் திறந்தால் பயப்படாதீர்கள். விண்டோஸ் ஒழுங்காக மூடப்படாததால் அப்படி ஆகும், நமக்கு அது நல்லதுதான்.

மின்மினி:
மிக்க நன்றி கல்தச்சன் அண்ணா. நோட்பேட் வழியில் எல்லாம் வந்துவிட்டது. பிட்லாக்கர் இல்லை. ஆய்வேட்டை வேறு கணினியில் திறந்து பார்த்தேன், முழுதாக இருக்கிறது. பெரிய ஜிப் கோப்பு ஒன்று மட்டும் திறக்கவில்லை, "சிஆர்சி எரர்" என்கிறது. அது பழைய படங்கள்தான், பரவாயில்லை.

ஸ்மார்ட்டில் 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். 199-ம் பூஜ்யம்.

கல்தச்சன்:
நல்ல செய்தி. சிஆர்சி எரர் என்றால் உள்ளடக்கம் மாறியிருக்கிறது என்று பொருள். அந்த ஜிப்பை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள், பிறகு பேசுவோம்.

இப்போது பழுதுபார்ப்பு. முதலில் செக்டிஸ்க், எதையும் சேர்க்காமல் வெறுமனே. அப்போது அது படித்துப் பார்த்துச் சொல்லும், எதையும் மாற்றாது. பிழை இருக்கிறது என்று சொன்னால் மட்டும் சரிசெய்ய /எஃப் சேர்த்து ஓட்டுங்கள்.

அடுத்தது எஸ்எஃப்சி, விண்டோஸின் கோப்புகளைச் சரிபார்த்துச் சரிசெய்யும் கட்டளை. மீட்புச் சூழலில் வெறும் "எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்" தட்டிப் பயனில்லை. எந்த விண்டோஸைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். உங்கள் விண்டோஸ் டி-யில் இருப்பதாக வைத்துக்கொண்டால்:

எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் /ஆஃப்பூட்டிர்=டி:\ /ஆஃப்விண்டிர்=டி:\விண்டோஸ்

இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். "ரிப்பேர் பெண்டிங்" என்று மறுத்தால், பாதியில் நின்ற அப்டேட் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது மீட்பு மெனுவில் "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" போய், கடைசி குவாலிட்டி அப்டேட்டை நீக்கிவிட்டு மறுபடி எஸ்எஃப்சி ஓட்டுங்கள். அந்த மெனு வேலை செய்யாவிட்டால், விண்டோஸைப் பழுதுபார்க்கும் டிஸம் கட்டளையில் "ரிவர்ட்பெண்டிங்ஆக்ஷன்ஸ்" என்று ஒன்று உண்டு. துவங்காத விண்டோஸுக்காகவே வைத்திருக்கிறார்கள்.

வானம்பாடி:
எனக்குத் தெரிந்த வழியையும் சொல்கிறேன். சிஸ்டம்32, கான்ஃபிக் கோப்புறைக்குள் "ரெக்பேக்" என்று ஒன்று இருக்கும். விண்டோஸின் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியின் நகல் அதில் இருக்கும். சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி, டிஃபால்ட் ஆகிய ஐந்தையும் அங்கிருந்து மேலே போட்டால் துவங்கிவிடும். கூடவே துவக்கப் பகுதியைச் சரிசெய்யும் பூட்ரெக் கட்டளையில் /ஃபிக்ஸ்எம்பிஆர், /ஃபிக்ஸ்பூட், /ரீபில்ட்பிசிடி மூன்றையும் ஓட்டிவிடுங்கள். விண்டோஸ் 7 காலத்திலிருந்து இதைத்தான் செய்கிறேன்.

ஓலைச்சுவடி:
வானம்பாடி, விண்டோஸ் 7-க்கு அது அருமையான வழி. ஆனால் விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து ரெக்பேக்கில் தானாக நகல் எடுப்பதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கோப்புகளின் பெயர் அங்கே தெரியும், அளவைப் பார்த்தால் பூஜ்யம் பைட். அதை எடுத்து உண்மையான ரெஜிஸ்ட்ரியின் மேல் போட்டால், நன்றாக இருந்த ரெஜிஸ்ட்ரியும் போய்விடும். அளவைப் பார்க்காமல் யாரும் நகல் எடுக்க வேண்டாம். இந்த இழையைத் தேடி வருபவர்கள் இதை மட்டுமாவது படிக்க வேண்டும்.

பூட்ரெக் பற்றியும் ஒன்று. கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து கொடுக்க வேண்டும். பவர் போட்டதும் "நோ பூட் டிவைஸ்" என்று வந்தால் மதர்போர்டில் இருக்கும் துவக்க மென்பொருளான ஃபர்ம்வேருக்கு வட்டோ துவக்கக் கோப்போ கிடைக்கவில்லை. 0098 என்றோ 000எஃப் என்றோ முடியும் பிழை எண் வந்தால் பிசிடி எனப்படும் துவக்கப் பட்டியலில் கோளாறு. அங்கேதான் பூட்ரெக்குக்கு வேலை. அதிலும் யூஇஎஃப்ஐ என்ற புதுவகை ஃபர்ம்வேர் கொண்ட கணினிகளில் /ஃபிக்ஸ்பூட் "ஆக்ஸஸ் டினைட்" என்று முகத்தில் அடிக்கும். அதோடு மல்லுக்கட்டாமல், டிஸ்க்பார்ட் கட்டளை வழியாக, துவக்கக் கோப்புகள் இருக்கும் ஃபேட்32 வகை இஎஃப்ஐ பகுதிக்கு ஒரு டிரைவ் எழுத்துக் கொடுத்து, பிசிடிபூட் கட்டளையால் துவக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதுவதே நேர்வழி.

மின்மினியின் கணினி அந்தக் கட்டங்களை எல்லாம் தாண்டிவிட்டது. லோகோ வருகிறது, எந்தக் கோப்பு சிதைந்தது என்று பெயரோடு சொல்கிறது. அங்கே பூட்ரெக் ஓட்டிப் பலன் இல்லை, நன்றாக இருப்பதைக் கலைக்கும் வாய்ப்பு மட்டுமே உண்டு.

ஒரே ஒரு கோப்பு போதும் என்பதற்கு 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரௌட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான கோப்பு ஒன்று போய்ச் சேர்ந்ததில் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. அந்தக் கோப்பைக் கண்டுபிடித்து நீக்கியதும் துவங்கிவிட்டன. வட்டை அழிக்க வேண்டிய தேவை இல்லை. சேஃப் மோடுக்கோ மீட்புச் சூழலுக்கோ போய், டிரைவர்ஸ் கோப்புறையில் 291 என்ற எண் கொண்ட கோப்பை அழிப்பதுதான் வேலை. பிட்லாக்கர் எண் கைவசம் இல்லாத இடங்களில் வேலை இன்னும் இழுத்தது.

மின்மினி:
துவங்கிவிட்டது!!

செக்டிஸ்க் பிழை எதுவும் இல்லை என்றது. எஸ்எஃப்சி முதலில் ரிப்பேர் பெண்டிங் என்று மறுத்தது. அப்டேட்டை நீக்கிவிட்டு ஓட்டியதும் சிதைந்த கோப்புகளைக் கண்டு சரிசெய்துவிட்டதாகச் சொன்னது. ரீஸ்டார்ட் செய்ததும் நேராக டெஸ்க்டாப். எல்லாருக்கும் நன்றி. தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்த்துவிடலாமா?

தறியோசை:
மகிழ்ச்சி. ரீசெட் இல்லாமலே முடிந்தது நல்லதுதான்.

கல்தச்சன்:
இன்னும் சேர்க்காதீர்கள். அந்த ஜிப் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மின்சாரம் போனதால்தான் கோப்பு சிதைந்தது என்று நாம் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். அது நியாயமான ஊகம். விண்டோஸ் வட்டில் கோப்புகளை அடுக்கும் முறையான என்டிஎஃப்எஸ் தன் அட்டவணைகளுக்கு மட்டும்தான் ஜர்னல் (மாற்றங்களின் குறிப்பேடு) வைத்திருக்கிறது, கோப்பின் உள்ளடக்கத்துக்கு இல்லை. அதனால் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், பெயரும் அளவும் சரியாக இருக்கும், உள்ளே பூஜ்யங்களாக இருக்கும். சிஐ.டிஎல்எல்லுக்கு அது நடந்திருக்கலாம்.

ஆனால் அந்த ஜிப் பழைய படங்கள் என்றீர்கள். அப்டேட்டின்போது அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அப்படியென்றால் அது ஏன் கெட்டது? வட்டில் செக்டர் கெட்டிருந்தால், நகலெடுக்கும்போதே படிக்க முடியவில்லை என்று நின்றிருக்கும். வட்டு ஒவ்வொரு செக்டரோடும் பிழைதிருத்தக் குறியீடு வைத்திருக்கிறது. படிக்க முடிந்தால் சரியாகத் தரும், முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லும். தவறான பைட்டைச் சரி என்று கொடுத்துவிடுவது மிக அரிது. உங்களுக்கோ நகல் சத்தமில்லாமல் முடிந்திருக்கிறது, ஸ்மார்ட் சுத்தம், செக்டிஸ்க் சுத்தம், உள்ளடக்கம் மட்டும் மாறியிருக்கிறது. இவ்வளவும் சேர்ந்தால் நான் முதலில் பார்ப்பது ரேமை.

வட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பைட்டும் ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் புரண்டால், புரண்டதையே விண்டோஸ் நம்பிக்கையோடு எழுதும். என்டிஎஃப்எஸ்ஸும் உள்ளடக்கத்தைச் சரிபார்ப்பதில்லை. அப்டேட் என்பது ஆயிரக்கணக்கான கோப்புகளை ரேமில் விரித்து எழுதும் வேலை. பழுதான ரேம் அங்கே மாட்டிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

எளிய சோதனை ஒன்று: லினக்ஸில், மூல வட்டில் இருக்கும் அதே ஜிப்புக்கு ஷா256 எண் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) எடுங்கள். ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி எடுங்கள். நடுவில் ரீஸ்டார்ட் அவசியம். இல்லையென்றால் ரேமில் ஏற்கெனவே தங்கியிருக்கும் நகலையே மறுபடி படிக்கும். ஒரே கோப்பு இரண்டு எண் கொடுத்தால் வட்டைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. எண் ஒன்றாகவே வந்தாலும் ரேம் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ இரவு முழுவதும் ஓடட்டும்.

நீர்க்குமிழி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மடிக்கணினியும் துவங்கவில்லை, "இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்" என்கிறது. பல மாதம் பயன்படுத்தாமல் வைத்திருந்தேன். பயாஸுக்குள் போனால் தேதி ஏதோ பழைய வருடத்தைக் காட்டுகிறது. மேலே சொன்ன எஸ்எஃப்சி எனக்கும் பொருந்துமா?

ஓலைச்சுவடி:
நீர்க்குமிழி, உங்கள் கோப்புகள் நன்றாகவே இருக்கலாம். தேதி பின்னால் போயிருக்கிறது என்றால் பயாஸ் பேட்டரி தீர்ந்து, அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போயிருக்கின்றன. அதில் சேமிப்பக முறை, அதாவது கணினி வட்டோடு பேசும் முறை, ஏஹெச்சிஐ-யிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ-க்கோ மாறியிருக்கும். விண்டோஸ் துவங்கும்போது பழைய முறைக்கான டிரைவரை வைத்துக்கொண்டு வட்டைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. அந்த அமைப்பை மறுபக்கம் மாற்றிப் பாருங்கள். இன்டெல் கணினியில் விஎம்டி என்ற பெயரிலும் இருக்கும். மாற்றுவதற்கு முன் பிட்லாக்கர் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பயாஸ் மாறினால் கேட்கக்கூடும். எஸ்எஃப்சி வேண்டாம்.

நீர்க்குமிழி:
ஏஹெச்சிஐ-க்கு மாற்றியதும் துவங்கிவிட்டது. கோடி நன்றி. பேட்டரியை மாற்றிவிடுகிறேன்.

மின்மினி:
கல்தச்சன் அண்ணா, நீங்கள் சந்தேகப்பட்டது சரி. ரேமைச் சோதிப்பதற்குள்ளேயே கணினி மறுபடி நீலத் திரைக்குப் போனது. எஸ்எஃப்சி ஓட்டினால் இந்த முறை வேறு கோப்புகள் சிதைந்திருப்பதாகச் சொல்கிறது. மின்சாரம் எதுவும் போகவில்லை. ஜிப்பின் ஷா256 எண் ரீஸ்டார்ட்டுக்கு முன் ஒன்று, பின் வேறொன்று. மெம்டெஸ்ட்86+ போட்ட கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு வரிகள் வர ஆரம்பித்துவிட்டன.

எத்தனை பிழை வரை பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்?

கல்தச்சன்:
ஒன்றுகூட வரக்கூடாது. மெம்டெஸ்ட்டில் பூஜ்யம் மட்டுமே தேர்ச்சி.

ரேமைக் கழற்றி எறிவதற்கு முன் பயாஸில் எக்ஸ்எம்பி ஓடுகிறதா என்று பாருங்கள். அது குச்சியை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டும் அமைப்பு. அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பிழை நின்றுவிட்டால் குச்சிகள் பெரும்பாலும் நல்லவை, அந்த வேகம்தான் ஒத்துவரவில்லை. நிற்காவிட்டால் ஒரு நேரத்தில் ஒரு குச்சி மட்டும், ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். நல்ல குச்சியை மற்ற ஸ்லாட்டிலும் வைத்துப் பார்த்துவிடுங்கள். சில நேரம் குச்சி நல்லது, மதர்போர்டின் ஸ்லாட்தான் பழுது.

இது முடியும் வரை அந்தக் கணினியில் எதையும் சேமிக்க வேண்டாம், எஸ்எஃப்சி, டிஸம் எதையும் ஓட்டவும் வேண்டாம். கெட்ட ரேமோடு ஓடும் பழுதுபார்ப்பு, நல்ல கோப்பின் இடத்தில் கெட்ட கோப்பை எழுதிவிடலாம்.

இன்னொன்று, இதுதான் எனக்குக் கவலை. நீங்கள் வெளியே எடுத்த நகல்களும் இதே ரேம் வழியாகத்தான் போயிருக்கின்றன. ஆய்வேடு திறக்கிறது என்பதால் முழுதும் சரி என்று ஆகாது. படத்தில் ஒரு புள்ளி மாறினால் கண்ணுக்குத் தெரியாது. அட்டவணையில் ஓர் எண் மாறினாலும் அப்படித்தான். ரேம் சரியானதும் மூல வட்டிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக நகலெடுங்கள், பழைய நகலையும் அழிக்காதீர்கள். இரண்டின் ஷா256 எண்ணையும் ஒப்பிட்டால் எவை வேறுபடுகின்றன என்று தெரிந்துவிடும். அவற்றை மட்டும் கண்ணால் பாருங்கள்.

தறியோசை:
இதைப் படித்த பிறகு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நான் முதலில் சொன்னபடி புதிதாக விண்டோஸ் போட்டிருந்தால்?

கல்தச்சன்:
நிறுவலே பாதியில் நின்றிருக்கலாம், அல்லது துவங்கிக் கொஞ்ச நாளில் மறுபடி இதே திரை வந்திருக்கும். வட்டை அழித்துப் போட்டிருந்தால் ஆய்வேடும் போயிருக்கும். அதனால்தான் தடுத்தேன். ரேம் சரியான பிறகு, நகல் பத்திரமான பிறகு, நீங்கள் சொன்ன மறுநிறுவல் நல்ல யோசனைதான்.

மின்மினி:
எக்ஸ்எம்பி அணைத்தும் பிழை வந்தது. தனித்தனியாகச் சோதித்ததில் ஒரு குச்சி மட்டும் பழுது, இரண்டு ஸ்லாட்டும் நன்றாக இருக்கின்றன. நல்ல குச்சியோடு மட்டும் இப்போது ஓடுகிறது. மெம்டெஸ்ட் சுத்தம்.

மறுபடி நகலெடுத்து ஒப்பிட்டேன். ஆய்வேட்டின் எல்லாக் கோப்புகளும் ஒன்றே. மாறியிருந்தவை அந்த ஜிப்பும் சில காணொளிகளும்தான். புது நகலில் ஜிப் திறக்கிறது! வட்டில் அது எப்போதும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

எஸ்எஃப்சியும் இப்போது பிழை இல்லை என்கிறது. இதோடு விட்டுவிடலாமா, விண்டோஸையும் மாற்ற வேண்டுமா?

ஓலைச்சுவடி:
எஸ்எஃப்சி விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டும்தான் பார்க்கும். நீங்கள் நிறுவிய மென்பொருள்களும் ரெஜிஸ்ட்ரியின் உள்ளடக்கமும் அதன் கணக்கில் வராது. பழுதான ரேமோடு எவ்வளவு காலம் ஓடியது என்று யாருக்கும் தெரியாததால், நானாக இருந்தால் புதிதாகவே போடுவேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கணினி ஏற்கும் என்றால் 11-ஐயே போடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து நிறுவினால் வட்டு தானாகவே பூட்டப்படலாம். நிறுவிய அன்றே மீட்பு எண்ணை வேறிடத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

வானம்பாடி:
ஓலைச்சுவடி, ஒரு கேள்வி. அந்த ரெக்பேக் நகலை மறுபடி எடுக்க வைக்க முடியாதா? எனக்கு அது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

ஓலைச்சுவடி:
முடியும். ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கேஎல்எம், சிஸ்டம், கரண்ட்கண்ட்ரோல்செட், கண்ட்ரோல், செஷன் மேனேஜர், கான்ஃபிகரேஷன் மேனேஜர் என்று போய், அங்கே "எனேபிள்பீரியாடிக்பேக்கப்" என்ற பெயரில் 32 பிட் டிவேர்ட் வகைப் பதிவு ஒன்றை உருவாக்கி மதிப்பை 1 ஆக்குங்கள். ரீஸ்டார்ட் செய்த பிறகு நகல் எடுக்கத் தொடங்கும். சில நாள் கழித்து ரெக்பேக் கோப்புறையைத் திறந்து, ஐந்து கோப்புகளின் அளவும் பூஜ்யமாக இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.